இழிசொல் என்று நான் எழுதியது

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியின் கோப்பில், என் கையால் எழுதப்பெற்று என் கையாலேயே அடிக்கப்பெற்ற வரி ஒன்று இருக்கிறது. ஒற்றைக் கோட்டால் அடித்திருக்கிறேன். கோட்டின் அடியிலுள்ள எழுத்துகளை இன்றும் தெளிவாகப் படிக்கலாம். பின்னாளில் அக்கோப்பைப் பிரிக்கும் ஒருவர் நான் எழுதியதைப் படிப்பார். அடித்ததன் காரணத்தைப் படிக்கமாட்டார். அக்காரணம் அங்கே எழுதப்படவில்லை. எழுதவேண்டிய பொறுப்பு என்னுடையது. ஆகவே, சென்ற கிழமை இத்தொடரில் பாதியில் நின்ற என் பள்ளிப் பருவச் செய்திகளை அப்படியே நிறுத்திவைத்து, இக்கிழமை இதனை எழுதுகிறேன்.

கல்லூரியின் பெயரையும் அதன் முதல்வர் பெயரையும் குறிப்பிடப்போவதில்லை. இதில் வரும் மாணாக்கர் இருவரிடமும் இசைவு பெற்றேன். "பேரு போடுங்க ஐயா, போட்டோ மட்டும் வேணா" என்றார் ஒருவர். மற்றொருவர் தலையை மட்டும் அசைத்தார். மாணாக்கரை 'அவன்', 'அவள்' என்று எழுதுவது என் நெடுநாள் வழக்கம். இப்பகுதியில் அவ்வாறு எழுதக் கை வரவில்லை.

எட்டாம் வேற்றுமை

பணி ஓய்வுக்குப் பின் சில ஆண்டுகள், கிழமைக்கு இரு நாள், மணவாள நகரிலிருந்து பேருந்தேறிச் சென்று அக்கல்லூரியில் பொதுத்தமிழ் நடத்திவந்தேன். மாணாக்கருள் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஒரு தலைமுறைக்கு முன் பிறர் வயலில் நாற்று நட்ட குடும்பங்கள் அவை. இப்போது தந்தையர் உருக்காலையிலோ கிடங்கிலோ முறைப்பணி பார்க்கின்றனர். பிள்ளைகளுள்ளும் சிலர் கல்லூரி விட்டதும் அடையாள அட்டையை மாற்றிக்கொண்டு பணிக்குச் செல்வர்.

அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. சன்னல் கம்பிகளிலிருந்து நீர் செந்நிறமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இரும்புத்தூள் படியாத பொருள் அப்பகுதியில் கிடையாது; வேப்பிலையும் அங்கே சாம்பல் நிறமே. மின்விசிறி ஒன்று ஓடியும் ஓடாமலும் முனகிற்று.

நான் வேற்றுமைகளை முடிக்கும் நிலையில் இருந்தேன். எட்டாம் வேற்றுமை. விளி, அதாவது ஒருவரை அழைக்கும்போது பெயர் கொள்ளும் மாற்றம். 'நம்பி' என்பது 'நம்பீ' என்றாகும் என்று கரும்பலகையில் எழுதினேன். புனைகதையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தால், வேண்டுமென்றே அமைத்தது என்று நானே குறை கூறியிருப்பேன். ஆனால் நடந்தது அதுவே.

மூன்றாம் வரிசையில் சுவரோரமாக ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். பெயர் முனிரத்தினம், வணிகவியல் இரண்டாம் ஆண்டு. அவர் உறங்குவதை நான் முன்பே கண்டிருந்தேன். எழுப்பவில்லை. குறட்டை விடாத உறக்கத்தை நான் பொதுவாக மன்னித்துவிடுவேன்.

அப்போது முதல்வர் வகுப்பறைகளைப் பார்வையிட்டபடி வந்தார். எல்லாரும் எழுந்தனர். அவர் கையசைத்து அமரச் சொல்லிவிட்டு, சுவரோரமாக நடந்துசென்று முனிரத்தினத்தின் தோளில் கைவைத்து மெல்ல அசைத்தார். கடுமையாக அன்று. அதனை நான் உறுதியாகச் சொல்வேன்.

முனிரத்தினம் கண் திறக்கவில்லை. தோளை ஒடுக்கிக்கொண்டு, அரைக்குரலில், "உடு நைனா, கொஞ்ச நேரம்" என்றார்.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பென்று சொல்வதற்கில்லை, உதடு அசைந்தது. முதல்வர் திரும்பியபோது என் உதட்டைத்தான் பார்த்தார்.

அந்தச் சொல்லைப் பற்றி

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. சென்னையிலும் அதனை ஒட்டிய எங்கள் ஊர்களிலும் 'நைனா' என்னும் விளி தெருவில் மிகுதியாகக் கேட்கும். தேநீர்க் கடையில் முன்பின் அறியாதவரை ஒருவர் "இன்னா நைனா" என்பார். அதில் உரிமை இருக்கலாம், ஏளனமும் இருக்கலாம், மதிப்பு இராது. கல்லூரி முதல்வர் ஒருவரை மாணாக்கர் அவ்வாறு அழைப்பது, தோளில் தட்டி வழிவிடச் சொல்வதற்கு ஒப்பாகும். முதல்வருக்கு அப்படித்தான் கேட்டது. எனக்கும்.

விழித்தெழுந்த முனிரத்தினம் வாயைத் துடைத்துக்கொண்டு "சாரி சார்" என்றார். முதல்வர் வெளியேறினார். அத்துடன் முடிந்தது என்று எண்ணினேன்.

எழுந்து நிற்பதைப் பற்றி

இவ்விடத்தில் சற்று விலகிச் செல்கிறேன். நாங்கள் பயின்ற காலத்தில் பேராசிரியர் எதிரே வந்தால் தாழ்வாரத்தின் ஓரத்துக்கு ஒதுங்குவோம். தோளில் துண்டு இருந்தால் கைக்கு வந்துவிடும். அது மதிப்பா அச்சமா என்று எங்களை எவரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை.

இக்காலத்து மாணாக்கர் அப்படி ஒதுங்குவதில்லை. எதிரே வந்தால் "வணக்கம் ஐயா" என்று நேராகப் பார்த்துச் சொல்வர். வாயிற்காவலரை 'அண்ணா' என்பர். கழிப்பறை துப்புரவு செய்யும் பெண்மணியை 'அக்கா' என்பர், அவருடன் நின்று பேசவும் செய்வர். நான் இதனை ஒழுங்கின்மை என்று கருதியதில்லை. ஆனால் ஒன்று மட்டும் விளங்காமல் இருந்தது.

வளாக நேர்காணலுக்காக ஆலை ஒன்றிலிருந்து ஓர் அலுவலர் வந்தார். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. அவர் மகிழுந்திலிருந்து இறங்குமுன்பே எங்கள் மாணாக்கர் அத்தனை பேரும் சட்டையை உள்ளே செருகி, கைகளைப் பின்னால் கட்டி, இரு வரிசையாக நின்றுவிட்டனர். எவரும் ஆணையிடவில்லை. நாற்பதாண்டு கற்பித்த எனக்கு அப்படி ஒரு வரிசை ஒரு நாளும் அமைந்ததில்லை.

பிறகு வகுப்பில் அதனை வேடிக்கையாகக் குறிப்பிட்டேன். வகுப்புப் பொறுப்பாளர் பர்வீன் எழுந்தார். பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். எதற்கும் மறுமொழி உடையவர். "அங்க நின்னா வேலை கெடைக்கும் ஐயா. உங்களாண்ட நிக்காட்டியும் மார்க் போடுவீங்க" என்றார். வகுப்பு சிரித்தது. பாராட்டா குறையா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

ஒட்டுப்படம்

கதைக்குத் திரும்புகிறேன். அன்று மாலைக்குள், முதல்வர் கைநீட்டி நிற்கும் பழைய விழாப் படம் ஒன்று, மாணாக்கரின் புலனக் குழுவில் உலவத் தொடங்கிற்று. புலனம் என்பதை இளையோர் வாட்சப் என்பர். படத்தின் அடியில் 'கொஞ்ச நேரம் நைனா' என்று எழுதியிருந்தது. அதனை அவர்கள் ஸ்டிக்கர் என்றனர். நான் ஒட்டுப்படம் என்பேன். தேர்வுக்கு எத்தனை நாள் என்று ஒருவர் கேட்டால் மறுமொழியாக அந்தப் படம் வரும். கட்டணம் எப்போது கட்டுவாய் என்றால் அந்தப் படம் வரும்.

முதல்வரின் மகள் வேறொரு கல்லூரியில் பயின்றார். அங்கும் அது சென்றது. அவர் விளையாட்டாகத் தம் தந்தைக்கே அதனை அனுப்பிவைத்தார்.

மறுநாள் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அறிவிப்பில் அப்படித்தான் எழுதியிருந்தது. உசாவற்குழு என்று எழுதியிருக்கலாம். துணை முதல்வர், வணிகவியல் துறைத்தலைவர், நான் ஆகிய மூவர் உறுப்பினர். பருவத் தேர்வுக்குப் பத்து நாளே இருந்தன. குழுவின் அறிக்கை வரும்வரை முனிரத்தினத்தின் தேர்வு நுழைவுச்சீட்டை நிறுத்திவைக்குமாறு அலுவலகத்துக்குச் சொல்லப்பட்டது.

கேட்கப்படாத கேள்வி

குழு கூடியது அரைமணி நேரம். முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தார். இருக்கை காலியாக இருந்தும் அமரச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. ஒட்டுப்படத்தைத் தாம் செய்யவில்லை என்றார். யார் செய்தது என்று கேட்டபோது வாய் திறக்கவில்லை.

பிறகு துணை முதல்வர், "பிரின்சிபால அந்த மாதிரி கூப்பிடலாமா?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ல அப்டிதான் சார் கூப்புடுவோம்" என்றார் முனிரத்தினம்.

"இது உங்க ஊரு இல்லப்பா. காலேஜ்."

அவர் மீண்டும் பேச வாயெடுத்தார். துணை முதல்வர் கையைக் காட்டி நிறுத்தினார். எதிர்த்துப் பேசுகிறார் என்றே எங்களுக்குப் பட்டது. 'யாரை அப்படி அழைப்பீர்கள்?' என்று எவரும் கேட்கவில்லை. யாரை என்பது இரண்டாம் வேற்றுமை. அதனை நான் அந்த வகுப்புக்கே மூன்று நாள் நடத்தியிருந்தேன்.

முனிரத்தினத்தை வெளியே அனுப்பிவிட்டுத் துணை முதல்வர் என்னிடம் திரும்பினார். "தமிழுக்கு நீங்கதான் ஐயா. இந்த வார்த்தை மரியாதையா, இல்லையா? அத மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

நான் எழுதினேன். "நைனா என்பது தெருவில் வழங்கும் இழிசொல், பயிற்சியுடைய மாணாக்கன் மூத்தோரை அவ்வாறு விளியான்." எழுதி முடித்ததும் படித்துப் பார்த்தேன். வரி நன்றாக அமைந்துவிட்டதென்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. முதல்வர் பார்த்த என் உதட்டுச் சிரிப்புக்கும் அது ஈடாயிற்று என்று கருதினேன்.

சாமி

இதனை எழுதாமல் மேலே செல்வது நேர்மையாகாது.

என் தந்தை கடம்பத்தூரை அடுத்த ஓர் ஊரில் பிறர் நிலத்தில் உழுதவர். நில உரிமையாளரை அவர் 'சாமி' என்றழைப்பார். உரிமையாளரின் பத்து வயது மகனைச் 'சின்ன சாமி' என்பார். அஞ்சல்காரர், கணக்கர், தொடர்வண்டி நிலையத்தில் சீட்டுக் கொடுப்பவர், எல்லாரும் சாமிகளே. எங்கள் வீட்டில் வெளியாரை அழைக்க வேறு சொல் கிடையாது.

நான் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், வருகைப் பதிவின்போது பேராசிரியர் என் பெயரை அழைத்தார். மற்றவர் எல்லாரும் 'உள்ளேன் ஐயா' என்றிருந்தனர். நான் எழுந்து "சாமி" என்றேன். பேராசிரியர் குறிப்பேட்டிலிருந்து தலை தூக்காமல், "இது கோயில் இல்லை" என்றார். அவ்வகுப்பின் சிரிப்பு வேறு வகை. அது மூன்றாண்டு நீடித்தது. என் பெயரே 'சாமி' ஆயிற்று.

அன்று தொடங்கி நான் என் பேச்சைக் கழுவினேன். ஊர்ச்சொல் ஒவ்வொன்றாக நீங்கிற்று. பிறமொழிச் சொல்லும் நீங்கிற்று. தூய தமிழில் பேசும் ஒருவனிடம், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று எவரும் கேட்பதில்லை. அந்தத் தமிழ் எனக்குச் சோறிட்டது, பெயரும் தந்தது. நான் அதனைக் குறைகூற வரவில்லை.

முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தபோது இது எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் எளிதாக இருக்கும். ஆனால் வந்தது. நினைவுக்கு வந்தும் அந்த வரியை எழுதினேன். நான் திருந்தினேன், இவரும் திருந்தட்டும் என்று எண்ணினேன் போலும். அதற்குமேல் என்னால் விளக்க இயலவில்லை.

இரண்டு எழுத்து இடைவெளி

குழுவின் முடிவு கடுமையானதன்று. முனிரத்தினம் மன்னிப்பு மடல் ஒன்று தம் கைப்பட எழுதித் தந்தால் நுழைவுச்சீட்டு கிடைக்கும். மடலின் வாசகத்தையும் நானே அமைத்துத் தந்தேன்: "வகுப்பு நேரத்தில் உறங்கியதோடு, தங்களை இழிசொல்லால் விளித்தமைக்கும் நெஞ்சார வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாது." இறுதியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்பதை அலுவலகத்தார் சேர்த்துக்கொண்டனர். அது எனக்கு என்றுமே பிடிக்காத தொடர்.

நான்கு நாள் கழித்து நான் சென்றபோது அலுவலகக் கண்காணிப்பாளர் அந்த மடலை எடுத்துக் காட்டினார். "இத பாருங்க ஐயா. பேஜாரா கீது இந்தப் பையனோட. மூணு வாட்டி திருப்பி அனுப்பிட்டேன், மூணு வாட்டியும் இதே மாதிரி எழுதினு வரான்."

எழுத்து அழகாக இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லை. ஒரே ஓரிடத்தில் மட்டும் வெற்றிடம். 'தங்களை' என்பதற்கும் 'சொல்லால்' என்பதற்கும் நடுவே, இரண்டு எழுத்து அளவுக்குத் தாள் வெறுமையாக இருந்தது. 'இழி' இல்லை. மற்ற எல்லாம் இருந்தன, 'கீழ்ப்படிதலுள்ள' உட்பட.

"முழுசா எழுதினாத்தான் ஆல் டிக்கெட்டுனு சொல்லிட்டேன்" என்றார் கண்காணிப்பாளர். தேர்வு திங்கட்கிழமை தொடங்குகிறது. அன்று வியாழன்.

பிடிவாதம் என்றே நான் எண்ணினேன். ஆயினும் அந்த வெற்றிடம் கண்ணை விட்டு நீங்கவில்லை. வேண்டா வெறுப்பாக எழுதுபவர் கிறுக்குவார்; மறுப்பவர் எழுதவே மாட்டார். இது ஒரு சொல்லை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றைப் பணிந்து தந்த கை.

வாப்பா

மாலையில் நெடுஞ்சாலைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். இரும்புக் கம்பி ஏற்றிய சுமையுந்துகள் நிலம் அதிரச் சென்றன. பர்வீன் சாலையைக் கடந்து என்னிடம் வந்தார்.

"ஐயா, முனிக்கு ஆல் டிக்கெட் தரமாட்டேன்றாங்க."

"அறிவேன். மடலை முழுமையாக எழுதினால் தருவார்கள்."

"எழுதமாட்டான் ஐயா."

"ஒரே ஒரு சொல்லுக்காகவா?"

"நீங்க மட்டும் இன்னா ஐயா. 'பிரசன்ட்'னு சொன்னா எங்களுக்கு ஆப்சென்ட் போடறீங்க. அதுவும் ஒரே ஒரு சொல்லுதான்."

அவர் சற்றுத் தணிந்து, வேறொன்றைச் சொல்லத் தொடங்கினார். சென்ற ஆண்டு கணக்கியல் ஆசிரியர் குறிப்பேடு திருத்திக்கொண்டிருந்தாராம். பர்வீன் வேறு எண்ணத்தில் இருந்தவர், "வாப்பா, இத கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டாராம். ஆசிரியர் அதனை 'வா, அப்பா' என்று கேட்டு, "வந்துட்டேம்மா" என்று எழுந்தே வந்துவிட்டாராம்.

"கிளாஸே சிரிச்சிச்சி ஐயா. சாரும் சிரிச்சாரு. எங்க ஊட்ல அப்பாவ வாப்பான்னுதான் கூப்புடுவோம். அத யாரும் கமிட்டி போட்டு கேக்கல."

"அதற்கும் இதற்கும் என்ன?"

"முனிக்கு சொந்த ஊரு பள்ளிப்பட்டு பக்கம் ஐயா. ஆந்திரா பார்டர். அங்க நைனான்னா அப்பா."

அந்த எல்லைப்புறத்தில் தெலுங்குச் சொற்கள் தமிழோடு கலந்து வழங்கும் என்பது எனக்குத் தெரியாததன்று. நாற்பதாண்டாகத் தெரியும். தெருவில் கேட்ட பொருள் முந்திக்கொண்டது. வீட்டுக்குள் வழங்கும் பொருளைத் தேடவே இல்லை.

"குழுவில் இதனைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னானே ஐயா. எங்க ஊர்ல அப்டிதான் கூப்புடுவோம்னு. அதுக்கு மேல இன்னா சொல்லுவான்? பிரின்சிபால எங்க அப்பான்னு நெனச்சிட்டேன்னு சொல்லவா? அதுக்கும் சிரிப்பாங்க." பிறகு, சாலையைப் பார்த்தபடி, "இப்ப அத இழிசொல்லுன்னு அவன் கையாலயே எழுத சொல்றீங்க" என்றார்.

அவருடைய பேருந்து வந்தது. ஏறுமுன் திரும்பி, "அந்த ஸ்டிக்கர் போட்டது நானு. எங்க வாப்பாவுக்கு மட்டும் தெரிய வேணா" என்றார்.

முதல்வர் கேட்டது

வெள்ளிக்கிழமை எனக்கு வகுப்பில்லை; ஆயினும் சென்றேன். முதல்வர் அறையில் நடந்ததைச் சொன்னேன். என் கருத்துரை பிழை என்றேன். அவர் உடனே ஏற்கவில்லை.

"ஐயா, நீங்க எழுதிக் குடுத்ததை நம்பித்தான் கையெழுத்து போட்டேன். இப்ப தப்புன்றீங்க. நாளைக்கு வேற யாராவது வந்து வேற ஒன்னு சொல்லுவாங்க."

அவர் கூறியதில் நேர்மை இருந்தது. நான் தலைகுனிந்து அமர்ந்திருந்தேன். அவர் சிறிது நேரம் கோப்பைப் புரட்டிவிட்டு, முனிரத்தினத்தை அழைத்துவரச் சொன்னார். பர்வீனும் உடன் வந்து நின்றார். அழைக்காமலே வந்தார்.

"அந்த ஸ்டிக்கர் நான் போட்டது சார். இவன் இல்ல" என்றார்.

முதல்வர் அவரைப் பார்த்தார். "என் பொண்ணே எனக்கு அனுப்புனாம்மா. நல்லாருக்குப்பான்னா." பர்வீன் தலைகுனிந்தார். அவர் தலைகுனிந்து நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

பிறகு முதல்வர் முனிரத்தினத்தை அமரச் சொன்னார். அவர் இருக்கையின் விளிம்பில் அமர்ந்தார்.

"வீட்ல காலைல உன்னை யாரு எழுப்புவா?"

இந்தக் கேள்வியை நாங்கள் மூவர் கூடி அரைமணி நேரத்தில் கேட்கவில்லை.

"நைனாதான் சார். நைட்டு ஷிப்டு முடிச்சிக்கினு வந்து எழுப்பும்."

"எப்படி எழுப்புவாரு?"

முனிரத்தினம் தம் வலக்கையால் இடத்தோளைத் தொட்டுக் காட்டினார். "கைய வெச்சி ஆட்டும் சார். நான் கொஞ்ச நேரம்னு சொல்லுவேன். அது சரின்னுட்டு நாஷ்டா வாங்க பூடும். வந்து மறுபடியும் எழுப்பும்."

"நான் எப்படி எழுப்பினேன்?"

"அப்டிதான் சார்."

முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு கோப்பை என் பக்கம் தள்ளினார்.

"அந்த வரிய நீங்களே அடிச்சிடுங்க ஐயா."

அடித்தேன். ஓரத்தில் காரணத்தைக் குறிக்கவா என்று கேட்டேன். "வேணாம். அது இவங்க வீட்டு விஷயம்" என்றார். நாளிட்டுச் சுருக்கொப்பம் மட்டும் இட்டேன்.

முனிரத்தினம் அங்கேயே புதிய மடல் எழுதினார். வகுப்பில் உறங்கியமைக்கு வருந்துவதாக இரண்டு வரி. இறுதியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்பதை ஒரே மூச்சில், மற்ற வரிகளைவிட விரைவாக எழுதி முடித்தார்.

வெளியே வந்ததும் அதனைக் கேட்டேன். அச்சொல் மட்டும் அவருக்கு உறுத்தவில்லையா?

"அது சும்மா ஐயா. எல்லாரும் எழுதறது. அத யாரு படிக்கப் போறாங்க."

நான் ஒரு வாழ்நாள் முழுதும் வெறுத்த சொல் அவருக்கு வெறும் மை. நான் ஒரே நொடியில் இழித்த சொல்லுக்காக அவர் ஒரு பருவத் தேர்வையே விட்டுக்கொடுக்க இருந்தார். எங்கே குனிவது, எங்கே குனியாமல் நிற்பது என்னும் கணக்கு இவர்களிடம் உண்டு. அது என் கணக்கன்று. ஆலை அலுவலருக்காக வரிசையாக நின்றதும் அந்தக் கணக்கில் அடங்கும் போலும். நான் முழுதும் விளங்கிக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன்.

"நான் பிழையாக எழுதிவிட்டேன் முனிரத்தினம்" என்றேன்.

"பரவால்ல ஐயா. பஸ்சு பூடும்" என்று சொல்லி, நுழைவுச்சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு ஓடினார்.

திருத்த வேண்டுகிறேன்

தேர்வு எழுதினார். தேர்ச்சியும் பெற்றார், தமிழில் மதிப்பெண் சற்றுக் குறைவு. அதன்பின் முதல்வர் வகுப்பறைகளைப் பார்வையிட வரும்போது, உறங்குபவர் எவரேனும் இருந்தால் மேசையை எழுதுகோலால் தட்டினார். தோளைத் தொட்டு நான் பார்க்கவில்லை. அது எனக்கு வருத்தமே.

வருகைப் பதிவில் 'உள்ளேன் ஐயா' என்பதையே நான் இன்றும் விரும்புகிறேன். அங்கிருந்த வரை 'பிரசன்ட்' என்பவரைத் திருத்தியே வந்தேன். ஆனால் வந்தவரை வரவில்லை என்று குறிப்பதை நிறுத்திவிட்டேன்.

இனி வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 'நைனா' என்னும் சொல்லின் வேர் எது, அது எப்போது எங்கள் தெருக்களுக்கு வந்தது என்பது குறித்து இக்கட்டுரையில் நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதக் கை அரித்தது, நிறுத்திக்கொண்டேன். பள்ளிப்பட்டுப் பக்கத்தார் எவரேனும் இதனைப் படித்தால், உங்கள் வீட்டில் யாரை அவ்வாறு அழைக்கிறீர்கள், எந்த வேளையில், எந்தக் குரலில் என்று எழுதுங்கள். பழவேற்காட்டார் 'வாப்பா'வைப் பற்றி எழுதுங்கள். பேச்சுகளை நான் நினைவிலிருந்து எழுதியதால், உங்கள் ஊர்ப்பேச்சை எங்கேனும் பிழைபட எழுதியிருப்பேன், தயங்காமல் சுட்டுங்கள். கோப்பில் எழுதியதைக் கோடிட்டு அடிக்க முடிந்தது. இதழில் அச்சானதை அடிக்க இயலாது. அதன் கீழே சரியானதை எழுதத்தான் இயலும். இம்முறை காரணத்தோடு எழுதுவேன்.